அழிக்கத் தெரியாத கணினி வேண்டும்

1989-இல் செபராங் ஜெயாவில் ஒரு பொறியாளர் கணினி வாங்கினார். ஐபிஎம் அல்ல, ஐபிஎம் மாதிரி. பினாங்குத் தீவிலுள்ள கொம்தாரில் பேரம் பேசி வாங்கி, பினாங்குப் பாலம் வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். தீவுக்குப் போகும்போது மட்டும்தான் டோல் கட்ட வேண்டும் என்பதால் தன் கணினி இலவசமாகக் கடல் தாண்டியது என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னார். சிரித்தவரும் ஒரு பொறியாளர்தான்.

அவருக்கு வேலை பாயான் லெப்பாசில், 1972-இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வட்டாரத்தில். தொழிற்சாலையில் ஒரு வேக்ஸ் கணினி இருந்தது. சோதனை முடிவுகளை அது கோட்டுப் படங்களாக வரைந்து காட்டும். ஆனால் டெக்ட்ரானிக்ஸ் 4010 வகை டெர்மினல் எதிரில் இருந்தால்தான் வரையும். அதைப் போய்ப் பார்க்க, 1985-இல் திறந்த பாலத்தில் காலை நெரிசலில் ஊர்ந்தாக வேண்டும். வீட்டுக் கணினியையே டெக்ட்ரானிக்ஸாக நடிக்கவைத்தால்?

நடிக்கவேண்டிய பாத்திரம் லேசானதல்ல. 1972-இல் வந்த 4010-இன் பச்சைத் திரை, வரைந்த கோட்டைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும். நினைவகம் தங்க விலை விற்ற காலத்தில் அது பெரிய சாமர்த்தியம். ஒரே குறை, ஒரு கோட்டை மட்டும் தனியாக அழிக்க வழியில்லை. கோலத்தில் ஓர் இழை பிசகியதற்காக வாசல் முழுக்கத் தண்ணீர் தெளிப்பதுபோல, முழுத் திரையும் பளிச்சென்று மின்னி வெறுமையானால்தான் உண்டு.

புதுக் கணினிக்கோ ஒற்றைப் புள்ளியைக்கூட நினைத்தபடி அழிக்கத் தெரியும். தெரிந்ததை மறைத்துக்கொண்டு தெரியாததுபோல இருக்கவேண்டும். அதற்குத்தான் மென்பொருள், அதற்குத்தான் காசு.

காசு என்றால் பல நூறு அமெரிக்க டாலர். அப்போது ஒரு டாலருக்கு இரண்டரை ரிங்கிட்டுக்கு மேல். பெர்சாஃப்ட் நிறுவனத்தின் ஸ்மார்டெர்ம் 240, டெக் நிறுவனத்தின் விடி240 டெர்மினலாகவும் நடிக்கும், டெக்ட்ரானிக்ஸாகவும் நடிக்கும். கிராஃப்பாயிண்டின் டிகிராஃப், டெக்ட்ரானிக்ஸின் வண்ண டெர்மினல்கள் வரைக்கும் போகும். நம்மவரிடம் இருந்ததோ ஒற்றை நிறத் திரை. வண்ணத்துக்குப் பணம் கட்டிவிட்டு எல்லாவற்றையும் ஆரஞ்சு நிறத்தில் பார்க்க அவர் தயாராக இல்லை.

திரையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எழுத்து அழகாகத் தெரிகிறதே என்று அவர் ஹெர்குலிஸ் வரைகலை அட்டை போட்டிருந்தார். 720-க்கு 348 புள்ளி. டெக்ட்ரானிக்ஸ் திரை 1024-க்கு 780. உயரவாக்கில் இரண்டு புள்ளிக்கும் மேல் ஒன்றாக நசுங்கவேண்டும். போதாக்குறைக்கு, ஹெர்குலிஸின் வரைகலையைக் கணினியின் பயாஸுக்கே தெரியாது. ஒவ்வொரு மென்பொருளும் தானே அதனோடு பேசிக்கொள்ள வேண்டும். ஆகவே விளம்பரம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அவர் கண் தேடியது ‘ஹெர்குலிஸ்’ என்ற ஒரு சொல்லைத்தான்.

கடைசியில் ஜெயித்தது தவளை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981-இல் பிறந்த கெர்மிட், சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்த மப்பெட் தவளையின் பெயரைச் சூடிக்கொண்டது. முதலில் கோப்புகளைக் கடத்தும் வேலைதான் அதற்கு. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோ டூப்னிக் கைவண்ணத்தில் வளர்ந்த எம்எஸ்-டாஸ் பதிப்பு, விடி டெர்மினலாகவும் டெக்ட்ரானிக்ஸாகவும் நடித்தது. ஹெர்குலிஸைக் கேட்காமலே கண்டுபிடித்தது. நண்பரின் ஃப்ளாப்பியிலிருந்து படியெடுத்துக்கொள்ளலாம், யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். இலவசம் என்பதால் தேர்ந்தெடுக்கவில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். வீட்டில் யாரும் நம்பியதில்லை.

வேக்ஸிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக, 2400 பிபிஎஸ் மோடத்தில் நொடிக்கு 240 எழுத்து வரும். ஒரு கோட்டின் முனையைச் சொல்ல நான்கு எழுத்து வேண்டும். ஆக நொடிக்கு அறுபது முனை. மூவாயிரம் முனை கொண்ட படம் முடிய ஐம்பது நொடி; ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு வரலாம்.

கோப்பி கலக்கும் இடத்தில்தான் இணைப்புத் தொலைபேசி இருந்தது.

டெர்மினலை எழுத்திலிருந்து படத்துக்கு மாற்ற 29 என்ற எண்ணுள்ள ஒரே ஒரு குறியெழுத்து போதும். இரைச்சலுக்கும் அந்த எண் தெரியும். அவருடைய அம்மா ரிசீவரை எடுத்தால் கம்பியில் குப்பை நுழையும். அதில் ஒரு 29 வந்துவிட்டால், படித்துக்கொண்டிருந்த கடிதம் மறைந்து, திரையில் தாறுமாறாகக் கோடுகள் பாயும்.

“அம்மா, கீழ வைங்கம்மா!”

“ஏன்டா, போன்ல என்னமோ கத்துது!”

ஆல்ட் விசையோடு கழித்தல் குறியை அழுத்தினால் கெர்மிட் மீண்டும் எழுத்துக்குத் திரும்பும். அந்த வீட்டில் அதிகம் தேய்ந்த விசைகள் அவைதான்.

இன்று அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மகளின் லினக்ஸ் மடிக்கணினியில் எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் மென்பொருளைத் திறந்து, கன்ட்ரோலோடு மவுசின் நடுப் பொத்தானை அழுத்தி, பட்டியலில் ஒளிந்திருந்த டெக்ட்ரானிக்ஸ் 4014 சாளரத்தை வெளியே இழுத்தார். அதில் ஒரு சைன் அலையை வரைந்தும் காட்டினார். மகள் இன்னொன்றை வரைந்தாள். முதல் அலையின்மேலேயே அது ஏறி உட்கார்ந்தது.

“ஏன்ப்பா, பழசை மட்டும் அழிக்க முடியலையே? கெட்டுப்போச்சா?”

“இல்லம்மா,” என்றார் பெருமையோடு, “ரொம்ப சரியா வேலை செய்யுது.”