கேப்டன் வீட்டில் இல்லை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்குத் தெற்கே நான்டக்கெட் என்று ஒரு தீவு. மணலும் மூடுபனியும்தான் விளைச்சல். 1659-ல் தாமஸ் மேஹ்யூ என்பவர் இதை ஒன்பது பேருக்கு விற்றார். விலை 30 பவுண்டு, மேற்கொண்டு இரண்டு பீவர்த் தொப்பிகள். ஒன்று அவருக்கு, இன்னொன்று வீட்டுக்காரம்மாவுக்கு. காலங்காலமாக அங்கே குடியிருந்த வாம்பனோவாக் மக்கள் இந்தத் தொப்பிக் கணக்கில் சேர்த்தி இல்லை. பின்னாளில் திமிங்கல வேட்டைப் படகுகளில் துடுப்புப் போட ஆள் வேண்டியிருந்தபோது மட்டும் கடன் கணக்கில் அவர்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆமாம், திமிங்கலம். நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு இந்தத் தீவுக்காரர்கள்தான் ஊர் உலகத்து விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றினார்கள். அதை அவர்கள் மீன் என்றே சொன்னார்கள். அது மூச்சு விடுவதையும் குட்டிக்குப் பால் கொடுப்பதையும் நாலடி தள்ளி நின்று பார்த்தவர்கள்தான், ஆனாலும் மீன். 1818-ல் நியூயார்க்கில் இதற்கு ஒரு வழக்கே நடந்தது. மீன் எண்ணெய்க்குரிய பரிசோதனைக் கட்டணம் திமிங்கல எண்ணெய்க்கும் பொருந்துமா என்று. சாமுவேல் மிட்சில் என்ற பெரிய விஞ்ஞானி வந்து, அது மீனே இல்லை என்று பாடம் எடுத்தார். சாட்சி சொல்ல வந்த பழைய திமிங்கலக் கேப்டன் ஒருவரின் பெயர் பிரிசர்வ்ட் ஃபிஷ். நம் ஊரில் என்றால் கேப்டன் கருவாடு. நான் வைத்த பெயர் இல்லை, சத்தியமாக அவர் வீட்டில் வைத்தது. ஜூரிகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கால் மணி நேரம் யோசித்து, திமிங்கலம் மீனே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

பெயர்களைப் பற்றிச் சொன்னால் நான்டக்கெட்டும் லேசுப்பட்டதல்ல. ஸ்டார்பக், மேசி, ஃபோல்ஜர், ஹஸ்ஸி என்று நாலைந்து குடும்பங்கள். தடுக்கி விழுந்தால் காஃபின். காஃபின் என்றால் சவப்பெட்டி. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போவதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

இவர்களில் பெரும்பாலோர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். சண்டை கூடாது, பகட்டு கூடாது, ஜெபக் கூட்டத்தில்கூட வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி ஒரு சாத்வீகக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை மௌனமாக எழுந்து போய், திங்கட்கிழமை ஐம்பதடி உயிரை ஈட்டியால் குத்துவார்கள். மனிதர்மேல் ஆயுதம் எடுக்காதே என்றுதானே கட்டளை? திமிங்கலம் ஒருநாளும் ஜெபக் கூட்டத்துக்கு வந்ததில்லையே.

ஒரு பயணம் இரண்டு மூன்று வருடம். சம்பளம் கிடையாது, நம் கரையோரம் போலப் பங்குதான். கேப்டனுக்கு 17-ல் ஒரு பங்கு என்றால் புதுப்பையனுக்கு 200-ல் ஒன்று என்ற கணக்கில் வரும். அதிலும் கப்பலில் வாங்கிய சட்டை, புகையிலை எல்லாம் கழித்துக்கொள்வார்கள். மூன்று வருடம் உழைத்துவிட்டுக் கடனாளியாக இறங்கிய பையன்கள் உண்டு.

கப்பலில் கேப்டன் தெய்வம். வீட்டில் விருந்தாளி. பெட்டியோடு வாசலில் வந்து நின்றால், இடுப்பளவு வளர்ந்த பிள்ளை, “அம்மா, யாரோ வந்திருக்காங்க” என்று உள்ளே ஓடியிருக்கும். ஊரை நடத்தியது பெண்கள்தான். கடைத்தெருவில் ஒரு பகுதிக்குப் பாவாடை வரிசை என்றே பெயர். கல்லாவில் உட்கார்ந்திருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்கள். கடல்மேல் வழி தெரிய வேண்டுமானால் கேப்டனின் கடிகாரம் விநாடி பிசகாமல் ஓட வேண்டும். அந்தக் கடிகாரங்களைச் சரிபார்த்துக் கொடுத்தவர்களில் மரியா மிட்சல் என்ற பெண்ணும் ஒருத்தி. தொடங்கியபோது 14 வயது. 1847-ல் அவளே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து டென்மார்க் ராஜாவின் தங்கப் பதக்கம் வாங்கினாள். பசிபிக்கை வளைய வந்த கேப்டன்களுக்கு ராஜா ஒரு பித்தளைகூடக் கொடுக்கவில்லை.

வீட்டுக் கூரைமேல் மரத்தில் ஒரு மேடை இருக்கும். புருஷன் கப்பல் வருகிறதா என்று மனைவிமார் கண்ணீரோடு பார்த்து நின்ற இடம் என்று சுற்றுலாக்காரர்களுக்குக் கதை சொல்வார்கள். உண்மையில் அது புகைபோக்கியில் தீப்பிடித்தால் மேலே ஏறி மணல் கொட்டுவதற்காகக் கட்டியது.

இந்தக் கேப்டன்களுக்குப் படிப்பு குறைவு என்று இங்கிலாந்துக்காரர்களுக்கு இளக்காரம். 1760-களின் கடைசியில் ஒரு பிராது வந்தது: ஃபால்மவுத்திலிருந்து நியூயார்க் வரும் தபால் கப்பல்கள், லண்டனிலிருந்து ரோட் ஐலண்ட் போகும் சரக்குக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதம். தபால் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அவருடைய அம்மா நான்டக்கெட் ஃபோல்ஜர் வீட்டுப் பெண். உறவுக்காரரான கேப்டன் திமோத்தி ஃபோல்ஜரிடம் கேட்டார். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “கடலுக்குள் ஒரு ஆறு ஓடுகிறது. திமிங்கலம் அதன் ஓரத்தில்தான் மேயும், அதனால் எங்களுக்குத் தெரியும். உங்கள் தபால்காரர்கள் நடு ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிறார்கள். வழியில் பார்க்கும்போது சொல்லியும் பார்த்தோம். எங்களிடம் கேட்பதா என்று போய்விட்டார்கள்” என்பது அவர் சொன்னதன் சாரம். அந்த ஆறுதான் வளைகுடா நீரோட்டம். அதற்குப் படமும் வரைந்து கொடுத்தார். ஃபிராங்க்ளின் அதை அச்சிட்டு அனுப்பினார். தபால் கப்பல்காரர்கள் அதையும் சட்டை செய்யவில்லை. இரண்டு வாரம் தாமதமாகவே கௌரவமாக வந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்தவன் பேச்சைக் கேட்காத கேப்டன் இரண்டு வாரத்தைத் தொலைத்தான். கேட்ட கேப்டன் ஒருவர் இருந்தார், ஜார்ஜ் பொல்லார்ட். என்னைக் கேட்டால் அந்தத் தீவிலேயே நல்ல மனிதர்.

1819 ஆகஸ்டில், 28 வயதில், எஸ்ஸெக்ஸ் என்ற கப்பலோடு கிளம்பினார். கேப்டனாக முதல் பயணம். இரண்டாம் நாளே புயல்காற்று கப்பலைச் சாய்த்துப் படகுகளைப் பிடுங்கியது. திரும்பிப் போகலாம் என்றார் பொல்லார்ட். வேண்டாம் என்றார்கள் துணை அதிகாரிகள். சரி என்றார். 1820 நவம்பர் 20, நடுப் பசிபிக்கில் ஒரு பெரிய திமிங்கலம் வந்து கப்பலை முட்டியது. திரும்பி வந்து இன்னொரு முறையும் முட்டியது. மீன் என்று சொன்னதைக் கேள்விப்பட்டிருக்கும்போல. கப்பல் போயிற்று. மூன்று சிறு படகுகளில் 20 பேர்.

தஹீத்தி பக்கம் போகலாம் என்றார் பொல்லார்ட். ஐயோ, அந்தத் தீவுகளில் மனிதரைத் தின்பார்கள், தென் அமெரிக்காவுக்கே போகலாம் என்றார்கள் துணை அதிகாரிகள். மறுபடியும் சரி என்றார். மூன்று மாதம் கழித்துப் படகுகளில் உயிரோடு மிஞ்சியவர்கள், தாங்கள் யாருக்குப் பயந்தார்களோ அவர்கள் செய்வதாகச் சொல்லப்பட்டதைச் செய்துதான் மிஞ்சினார்கள். பொல்லார்டின் படகில் சீட்டுப் போட்டார்கள். சீட்டு விழுந்தது ஓவன் காஃபின் என்ற பையனுக்கு. பொல்லார்டின் சித்தி மகன். இந்த இடத்தில் எனக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை.

கடைசியில் தப்பித்தது எட்டுப் பேர். ஊர் திரும்பியதும் பொல்லார்டுக்கு இன்னொரு கப்பலைக் கொடுத்தார்கள், டூ பிரதர்ஸ். 1823-ல் ஹவாய்க்கு அப்பால் அது பவளப்பாறையில் ஏறி உடைந்தது. அதற்குப் பிறகு ராசியில்லாதவர் என்று யாரும் திமிங்கலக் கப்பல் கொடுக்கவில்லை. பொல்லார்ட் ஊரில் இரவுக் காவல்காரர் ஆனார்.

ஹெர்மன் மெல்வில் 1851-ல் மோபி டிக் நாவலை வெளியிட்டார். கதையில் வரும் கப்பல் கிளம்புவதே நான்டக்கெட்டிலிருந்துதான். அந்தத் தீவில் அவர் அதுவரை காலடி வைத்ததில்லை. அடுத்த வருடம்தான் போய்ப் பார்த்தார். பொல்லார்டையும் சந்தித்தார். இரண்டு பேரும் ஒன்றிரண்டு வார்த்தைதான் பேசினார்கள். தீவுக்காரர்களுக்கு அவர் யாரோ ஒரு ஆள், எனக்கோ நான் சந்தித்தவர்களிலேயே மனதைத் தொட்ட மனிதர் என்கிற மாதிரி மெல்வில் பின்னால் எழுதி வைத்தார். அன்று ராத்திரியும் பொல்லார்டுக்கு வேலை இருந்திருக்கும். மற்ற கேப்டன்கள் எல்லாம் கடலில் இருக்க, அவர்கள் வீட்டுக் கதவுகள் சரியாகச் சாத்தியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிற வேலை.