தகரத்தில் இரண்டு துளைகள்

1970 வாக்கில் அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் திண்ணையில் வைஸைப் பொருத்திக்கொண்டு அக்கம்பக்கத்துக்குச் சில்லறை வேலை செய்து கொடுப்பார். அப்படி ஒரு நாள் ஆவடிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். தோளில் நாட்டுத் துப்பாக்கி, இடுப்புப் பையில் மடித்த லைசென்ஸ் தாள். "குருவிக்காரன் வந்திருக்கான்" என்று நான் கத்த, "தாத்தான்னு சொல்லு" என்று அப்பா அதட்டினார்.

விசை கல்லாக இருக்கிறது என்பதுதான் அவர் குறை. "இழுத்தா மூக்கு ஆடுது சாமி. கொக்கு பறந்துடுது."

குழல்வாய் வழியாகக் கரிமருந்தும் ரவையும் போட்டு இடித்துக் கெட்டிக்கிற துப்பாக்கி அது. ஒன்று தவறினால் மறுபடி கெட்டிப்பதற்குள் ஏரியே காலியாகிவிடும். மேலே சுத்தியல்போல் அடிக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே இருக்கும் வட்டின் வெட்டில் ஒரு நாக்கு விழுந்து பிடித்துக்கொள்ளும். அந்த நாக்கைக் கிளப்பிவிடும் நெம்புகோல்தான் விசை. வெட்டைக் கொஞ்சம் ராவிவிட்டால் லேசாகிவிடும் என்றார் அப்பா. பெரியவர் பதறிப்போனார். வெட்டு ஆழம் குறைந்தால் முள்செடி உரசினாலும் வெடிக்குமாம். பாதி இழுத்த குதிரை நிற்காதாம். "பின்னாடி வர்றது எம்புள்ள சாமி."

வெட்டைத் தொடாமல் விசையின் ஆணியை இடம் மாற்றச் சொன்னார். ஆணி நாக்குக்குக் கிட்டே போகப் போக விரலுக்குப் பாரம் குறையும். இதே தொல்லைக்கு ஐரோப்பாவில் இரட்டை விசை செய்தார்கள். ஒன்றை இழுத்து வைத்தால் மற்றது தொட்டாலே விழும். கடிகாரக்காரர் நுணுக்கம் கேட்கும் வேலை அது. பெரியவர் கையில் இருந்தது டால்டா டப்பாத் தகரம். விசையின் அளவுக்கு வெட்டி, துளை போட்டு, கட்டையில் பொருத்திப் பார்த்துத் தலையாட்டினார். சற்று மேலே இன்னொரு துளை போட்டார். அந்த இடத்தில்தான் அப்பா ஆணிக்குத் துளையிட்டார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் என்று பிறகு அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

அதே ஆவடியில், டாங்குத் தொழிற்சாலையின் மதில் சுவருக்குள், 105 மி.மீ. பீரங்கி பொருத்திய விஜயந்தா டாங்குகளைச் செய்துகொண்டிருந்தார்கள். முதல் வண்டி வெளிவந்த 1965-ல்தான் அரசு அமைத்த லோகூர் குழு, அந்தப் பெரியவரின் சமூகமான நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. விஜயந்தா போய் அர்ஜுன் டாங்கு வந்துவிட்டது. பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியதோ 2022 டிசம்பரில்.

இடையில் 1972-ல், வேட்டையைக் கட்டுப்படுத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பறவைகளுக்கு அது வேண்டியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆற்றாமை வேறு. பட்டறைகள் வரிசையாக நின்ற ஊர் இது. ஒரு நாக்கின் பிடிமானத்தை விரல்நுனியால் அளந்த மனிதர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். வேலைக்கு வா என்று அவரையோ அவர் மகனையோ ஒரு பட்டறையும் கூப்பிடவில்லை. எங்கள் அப்பாவுக்கும் அது தோன்றவில்லை.

போன மாதம் ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவுக்குப் போனேன். நடைபாதை, படகு எல்லாம் வந்திருக்கிறது. கொக்குகள் ஆளைக் கண்டு மிரளாமல் நிற்கின்றன. வாசலில் ஒரு பெண் பாசிமணி விற்றுக்கொண்டிருந்தாள். சரட்டில் முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, அவிழ்த்து மறுபடி போட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் கருவிப் பெட்டியைத் திறந்தேன். அந்தத் தகரம் அரங்களுக்கு அடியில் இன்னும் கிடக்கிறது. இரண்டு துளைகள். நடுவில் ஒரு நெல்மணி இடைவெளி.