குறுக்கெழுத்துக்கு விடை தெரியுமா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், கணக்கில் சந்தேகம் கேட்க அடிக்கடி எதிர்வீட்டுப் பையனிடம் போகிறாள். ஆனால் கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல்!

பதில்: சந்தேகம் கணக்கில் இல்லை என்பது அம்மாவுக்கே புரிந்துவிட்டதே! இது பழைய உத்திதான். 1944 ஜனவரி. ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்த ஆன் ஃபிராங்க் என்ற 14 வயதுப் பெண், அதே மறைவிடத்தில் மேலே இருந்த பீட்டர் என்ற பையனின் அறையில் உட்காரச் சாக்குத் தேடினாள். அவனுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் என்றால் உயிர். உதவி செய்யப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். 1942-ல் அவன் வந்து சேர்ந்தபோது, 'இவனால் பெரிய சுவாரஸ்யம் எதுவும் இருக்காது' என்ற தொனியில் டைரியில் எழுதி ஒதுக்கியவளும் அவளேதான். 1944 ஏப்ரல் 15-ல் முதல் முத்தம். மறுநாளே டைரியில் ஏறிவிட்டது.

கேள்வி: அப்பாவுக்குத் தெரிந்ததா? முதுகில் விழுந்ததா?

பதில்: எட்டுப் பேர் அடைந்துகிடந்த இடத்தில் ரகசியம் எங்கே நிற்கும்? ஆனே அப்பாவிடம் போய்ச் சொன்னாள். ஓட்டோ ஃபிராங்க் தவறென்று சொல்லவில்லை; இவ்வளவு நெருக்கடியான இடத்தில் கவனமாக இரு என்றார். பிறகு மேலே போவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னதும் மகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மே மாதத்தில், தனக்குத் தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியும் என்று காரசாரமாகக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். அது தன்னை எவ்வளவு புண்படுத்தியது என்று அப்பா எடுத்துச் சொன்னார். அவ்வளவுதான் தண்டனை. மகள் வெட்கப்பட்டு அழுதாள்.

வேடிக்கை இனிமேல்தான். ஜூலையில் அவளே எழுதுகிறாள்: பீட்டர் அவளை ஜெயிக்கவில்லை, அவள்தான் அவனை ஜெயித்தாள், அவனோ அவளையே பற்றிக்கொண்டு நிற்கிறான், அது அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரும் படிக்கட்டைப் பூட்டாமலே காதல் ஆறத் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் 4-ல் எல்லோரும் கைதானார்கள். 1945-ல் இருவருமே வதைமுகாம்களில் இறந்தார்கள்.

கேள்வி: எந்நேரமும் அவன் நினைப்பாகவே இருக்கிறது. பைத்தியமா?

பதில்: இத்தாலியின் பைசாவில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, புதிதாகக் காதலில் விழுந்த 20 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தது. நாளுக்கு நான்கு மணி நேரமாவது காதலரை நினைப்பவர்களுக்கே அதில் இடம். செரட்டோனின் என்ற வேதிப்பொருள் தொடர்பான அளவு, கை கழுவிக்கொண்டே இருக்கும் மனச்சுழற்சி நோயாளிகளுக்கு இருப்பதைப் போலவே இருந்தது. சிலரை ஓராண்டு கடந்து சோதித்தபோது பழையபடி ஆகியிருந்தது.

கேள்வி: தமிழ் சினிமாவில் முதல் காதலை ஆண்கள் மட்டும்தான் நினைத்து உருகுவார்களா?

பதில்: ஓர் ஆண் தன் பழைய காதல்களை நினைத்து உருகும் 'ஆட்டோகிராஃப்' படத்தைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். 2008-ல் வந்த சசியின் 'பூ' இருக்கிறதே! ச.தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையிலிருந்து எடுத்தது. அதில் சின்ன வயதிலிருந்தே மச்சானை நினைத்துக்கொண்டிருப்பவள் மாரி. படமும் அவள் பக்கமே நிற்கிறது.

கேள்வி: பெண்ணுக்கு 17, பையனுக்கு 19. இருவருக்கும் சம்மதம். போலீஸுக்கு என்ன வேலை?

பதில்: நிறைய வேலை இருக்கிறது. உடலுறவு என்று வந்துவிட்டால், 18 வயது நிரம்பாதவரின் சம்மதத்தை 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் சம்மதமாகவே ஏற்பதில்லை. பதின்வயதுக் காதலர்களைக் குற்றவாளிகளாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொல்லி, அப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்தது. ஆனால் சட்டத்தில் வயது மாறவில்லை. பையன் அந்தத் தீர்ப்பை நம்பிக் கிளம்பினால் முதலில் பார்க்க வேண்டியிருப்பது வக்கீலைத்தான்.