கரிசல் மேல் வெள்ளை மணல்

கறுப்பு மண்ணைக் காசு கொடுத்து வாங்கச் சொன்னால், எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் சொன்னவனுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். சோழபுரத்திலிருந்து கிழக்கே நடந்தால் மண் கறுத்துக்கொண்டே போகும். மழைக்காலத்தில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் வாய் பிளந்து கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, மீன்தொட்டிச் செடிகளுக்கென்று ஜப்பானில் உருட்டிச் சுட்ட கறுப்பு மண்ணைக் கூரியரில் வரவழைக்கலாமா என்று வீட்டில் கேட்டேன். மனைவி கேட்டதிலும் நியாயம் இருந்தது.

“ஜன்னலைத் திறந்தாலே தெரியுதே, போதாதா? தொட்டிக்குள்ளயும் கரிசலா? வெள்ளையாப் போடுங்க.”

வெள்ளை என்று சொல்லிவிடுவது சுலபம். ராஜபாளையத்தில் டைல்ஸ் கடை அண்ணாச்சியிடம் போனால், மொசைக் தரைக்கு மிச்சமான மார்பிள் சிப்ஸை அள்ளிக் காட்டினார். பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும்போது இந்த வெள்ளைக்கு மயங்காமல் இருப்பது கஷ்டம்தான். சட்டைப்பையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கீறி, கல்லின் மேல் இரண்டு சொட்டுப் பிழிந்தேன். பொசுபொசுவென்று நுரைத்தது.

“என்ன தம்பி, கல்லுக்கு ஊறுகாய் போடுறீங்க?” என்றார் அண்ணாச்சி.

நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் வர்க்கம். தண்ணீரில் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து கடினத்தன்மையை ஏற்றும். செடிக்கென்று கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர்கள் தொட்டியில் இன்னும் வேகமாகக் கரையும். எங்கள் போர் தண்ணீரில் குளித்தாலே தலைமுடி சீயக்காயோடு சண்டை போடுகிறது. மாவட்டத்தில் ஏற்கெனவே சுண்ணாம்புக்குக் குறைவில்லை. ஆலங்குளத்தில் 1970இல் அரசு சிமெண்ட் ஆலையே வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் நான் வேறு தொட்டிக்குள் ஒரு கிளை திறக்க வேண்டுமா?

“மீனு என்ன கல்லையா திங்கப் போகுது?” என்று அண்ணாச்சி கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, கேட்க அவருக்கு நேரமில்லை.

மலையடிவார ஓடைகளில் மணல் பளிச்சென்று கிடக்கும். ஆனால் அந்த மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயமானது; 2021இல் புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. ஒரு வாளி மணலுக்காக அணிலுக்கும் புலிக்கும் சேர்த்துப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எம்-சாண்ட் வெளுப்பும் இல்லை கறுப்பும் இல்லை; கழுவக் கழுவத் தூசி வந்துகொண்டே இருக்கும். கடைசியில் கைகொடுத்தது, தண்ணீர் சுத்திகரிக்கும் தொட்டிகளில் போடுகிற ஃபில்டர் மணல். எல்லாம் வெங்கச்சங்கல் வர்க்கம். எலுமிச்சையைப் பிழிந்தாலும் அசராது. மாவு மாதிரி பொடிசாக வாங்கக்கூடாது என்பது மட்டும் கவனம். இறுகிப்போய், அடியில் காற்றுப் புகாமல் அழுகல் முட்டை வாடை அடிக்கும்.

மணல் போட்ட பிறகுதான் அது வெள்ளை வேட்டி என்று வீட்டுக்கே விளங்கியது. கறுப்புத் தரை வைத்திருப்பவன் மீன் போட்ட கழிவைப் பார்ப்பதே இல்லை. எங்கள் வீட்டிலோ ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். புதுத் தொட்டியில் முதலில் வருகிற பழுப்புப் பாசியும் வந்து படிந்தது. அத்தை காலையில் காபி டம்ளரோடு வந்து நின்று, “மாப்பிள்ளை, இன்னைக்கு அந்த ஓரத்துல கூட்டலையே” என்பார். சைஃபன் குழாயோடு நான் குனிந்திருப்பதை வந்துபோகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அடுத்தது மச்சான். “மீனு என்ன மச்சான், சோகை பிடிச்ச மாதிரி இருக்கு?”

கடையில் ஜொலித்த நியான் டெட்ரா எங்கள் தொட்டியில் சாயம் போயிருந்தது. மீனின் கண், மேலிருந்து வரும் வெளிச்சத்தையும் தரையிலிருந்து எழும் வெளிச்சத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். தரை வெளுத்திருந்தால், தோலின் செல்களுக்குள் பரவியிருக்கும் கறுப்பு நிறமணிகள் நடுவில் ஒதுங்கிக்கொள்ளும். கொக்கு கண்ணில் படாமல் தப்பிக்கிற ஏற்பாடு. அமேசான் பக்கத்தில் இலை மக்கிய, தேநீர் நிறத் தண்ணீரில் வாழ்ந்த இனம் அது. அதைக் கொண்டுவந்து கல்யாண மண்டப வெளிச்சத்தில் விட்டால் வேறென்ன செய்யும்? மேலே மிதக்கும் செடிகள் கொஞ்சம், தெருமுனை நாட்டு வாதாமரத்தில் உதிர்ந்த காய்ந்த இலை ஒன்றிரண்டு. தண்ணீர் லேசாகப் பழுப்பேற, மீனும் தெளிந்தது. மணலின் வெள்ளையும் ஒரு படி இறங்கியது. மனைவி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

செடிதான் மசியவில்லை. ஃபில்டர் மணலில் சத்து என்று எதுவும் கிடையாது. வேரால் தின்கிற கிரிப்டோகோரைன் போன்றவை அதில் பட்டினிதான் கிடக்கும். இதற்கு வழி முன்பே இருக்கிறது. ஜப்பானின் தகாஷி அமானோ, 2015இல் மறைந்தவர், புகைப்படக்காரர், செடித்தொட்டியை உலகத்துக்கே பழக்கியவர். அவர் பாணித் தொட்டிகளில் முன்னால் வெள்ளை மணல் வெறுமனே கிடக்க, செடியெல்லாம் பின்னால் கறுப்பு மண்ணில் நிற்கும். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999இல் எழுதிய புத்தகத்தில் இன்னும் சிக்கனமான வழி: சாதாரண மண் ஒரு அங்குலம், அதை மூட சரளை ஒரு அங்குலம்.

சாதாரண மண்! எங்கள் ஊரில் அதைவிட மலிவாக எது கிடைக்கும்? கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் சத்தை இறுகப் பிடித்துவைத்து, வேர் கேட்கும்போது விடும். உரம் பார்க்காத தரிசில் அள்ளி, சலித்து, சுக்கான்கல்லைப் பொறுக்கி எறிந்து, பின்பக்கம் மட்டும் பரப்பி, மேலே வெள்ளை மணலைக் கனமாகப் போட்டேன். செடி எழுந்தது. ஒரே நிபந்தனை, நட்டதைப் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் தொட்டிக்குள் ஐப்பசி மேகம்.

பெங்களூரிலிருந்து வந்த மனைவியின் சித்தப்பா மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான். அவனும் தொட்டி வைத்திருப்பவன். ஜப்பான் மண்ணைப் பணத்தைக் கொட்டி வாங்கியவன்.

“அத்தான், அடியில இருக்கிறது என்ன பிராண்ட்?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, காரில் கொண்டுபோக ஒரு மூட்டை கிடைக்குமா என்று கேட்டான். மண் போவதில் அத்தைக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.

“தாராளமா அள்ளிட்டுப் போகட்டும். சாக்கை மட்டும் அடுத்த தடவை வரும்போது திருப்பிக் கொண்டாரச் சொல்லுங்க மாப்பிள்ளை.”