காலி நாற்காலியின் யோக்கியதை

புது டெல்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் எழுந்தருளியிருக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் சமூகத்துக்கு, திண்டுக்கல்லிலிருந்து ஓய்வு பெற்ற உபாத்தியாயன் ஒருவன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.

மகா கனம் பொருந்திய ஐயன்மீர்,

இவ்விடம் க்ஷேமம். மலைக்கோட்டை நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிரியாணிக் கடைகளில் சீரகச் சம்பாவின் மணம் குன்றவில்லை. கல்லூரிகளில் மாத்திரம் உபாத்தியாயர்கள் சற்றுக் குறைவு. அந்தக் குறையையே ஒரு யோக்கியதையாக மாற்றித் தந்த தங்கள் சாமர்த்தியத்தைப் போற்றவே இக்கடிதம் எழுதலானேன்.

2016ஆம் ஆண்டில் தாங்கள் பிரசுரித்த ஒழுங்குமுறையில், மத்திய அரசின் ஸ்வயம் தளத்தின் இணையவழிப் பாடங்களை ஒரு கல்லூரி எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் ஏற்கலாம் என்று வகுத்துக் கூறுமிடத்து, பாடத்தை நடத்தத் தகுந்த ஆசிரியர் துறையில் இல்லாதிருப்பதையும் ஒரு சந்தர்ப்பமாகச் சேர்த்திருந்தீர்கள். அதற்கு முன்பெல்லாம் ஆசிரியர் இல்லாமையை ஒரு கேடென்று கருதி, நிர்வாகத்தார் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பதும், நேர்காணல் வைப்பதும், ஒருவரும் கிடைக்காதபோது மாணவர்கள் வாயிலில் அமர்ந்து கோஷமிடுவதுமாக எத்தனை வீண் சிரமம்! ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை என்றிருந்த அனுமதி, 2021இல் 40 சதவீதமாக வளர்ந்துவிட்டபடியால், இனி காலி நாற்காலியைக் கண்டு எவரும் கலங்க வேண்டியதில்லை.

பொல்லாப்புக்காகச் சொல்லுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். 2003இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடித் தொடங்கி, இப்போது ஸ்வயம் தளத்திலும் வரும் என்.பி.டி.இ.எல். என்னும் இணையப் பாடத் திட்டத்தின் பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். சிலவற்றில் நான் முப்பது வருஷம் சுற்றி வளைத்துச் சொல்லிவந்த விஷயம் பத்து நிமிஷத்தில் பளிச்சென்று விளங்கியதும் உண்டு. நத்தம் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, சென்னைப் பேராசிரியரின் பாடத்தைக் காசில்லாமல் கேட்டுவரும் ஒரு பெண்ணுக்குத் தங்கள் காலத்தில் வாய்த்த பாக்கியம் என் காலத்து மாணவர் எவருக்கும் வாய்த்ததில்லை. இதில் பரிகாசம் ஒன்றுமில்லை.

பரிகாசம் அதற்கப்பால்தான் ஆரம்பமாகிறது. அந்தப் பேராசிரியரை நம் பிள்ளைகள் இரட்டை வேகத்தில் ஓடவிடுகிறார்கள். எத்தகைய மகா வித்துவானும் அப்போது ஏலக்கடைக்காரரைப் போலவே பேசுகிறார். வாராந்தரப் பயிற்சிகள் பன்னிரண்டில் சிறந்த எட்டை மாத்திரம் கணக்கில் கொள்ளும் அத்திட்டத்தாரின் காருண்யமும் போதாதென்று, கெடு முடியும் இரவில் விடைகள் முழுவதும் வாட்ஸ்அப்பில் பிரசாதமாக வந்துசேர்கின்றன. அந்தப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், நேரில் எழுதும் பரீட்சைக்கு 75; பாடம் இலவசம், பரீட்சைக்கு ஆயிரம் ரூபாய். வேடசந்தூர்ப் பக்கத்தில் அந்த ஆயிரம், நூற்பாலைக்குச் செல்லும் ஒரு தாயின் சில நாள் கூலி. அதைக் கட்டி, அறுபதோ அதற்கு மேலோ வாங்கிவிட்டால் சான்றிதழில் 'எலைட்' என்ற விருது விழுகிறது.

என் சந்தேகத்துக்கு வருகிறேன். பாடத்தை இணையத்தில் கற்கும் மாணவர்களுக்கு வழிகாட்டவும், செய்முறை வகுப்புகளை நடத்தித் தரவும் கல்லூரி தன் தரப்பில் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும் என்று அதே 2016 ஒழுங்குமுறை ஆக்ஞாபித்தது. ஆசிரியர் இல்லாத காரணத்தால் இணையத்தை நாடிய துறையில், இந்த வழிகாட்டும் ஆசிரியர் எவ்விடத்திலிருந்து அவதரிப்பார்? நானறிந்த ஒரு கல்லூரியில் அவதரித்தவர் வேறு துறையைச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர். சம்பளம் எந்த மாதம் வரும் என்பதைத் தவிர வேறு சந்தேகமில்லாத சாது. அவருடைய வழிகாட்டுதல் யாதெனில், பரீட்சைக்குப் பதிவு செய்தாயா, பணம் கட்டினாயா, பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்ற மூன்று கேள்விகளே. நான்காவதாகப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்ட பையனை, தளத்தின் விவாத அரங்கில் பதிவு செய்யும்படி அவர் பணிவுடன் அனுப்பிவைத்தார். அங்கே அவனுக்கு முன்னால் பலர் நின்றுகொண்டிருந்தார்கள்.

வழிகாட்டுதல் என்றதும் எங்கள் பூட்டுப் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மாங்காய்ப் பூட்டு செய்யும் பட்டறையில், சாவியின் பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருக்கும் பையன் ஓர் இழுப்பு அதிகம் இழுத்துவிட்டால், அடுத்த பலகையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசாரி தலையைத் தூக்காமலே "டேய்" என்கிறார். சத்தத்தைக் கொண்டே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நான்கு பகுதிகளாகத் தாங்கள் பிரித்து வைத்திருக்கும் பாடத்திட்டத்தில், அதாவது காணொளி, வாசிப்பு, சுயமதிப்பீடு, விவாதம் ஆகியவற்றுள், இந்த "டேய்" எந்தப் பகுதியில் அடங்கும் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

தாங்கள் சட்டத்தின் வாயிலாகச் சரீரம் பெற்ற அதே 1956ஆம் ஆண்டில்தான், இங்கிருந்து சிறிது தூரத்தில், டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய காந்திகிராமத்தில் கிராமியக் கல்லூரி பிறந்தது. கையால் செய்து, கிராமத்தாருடன் புழங்கிக் கற்பதே கல்வி என்பது அதன் சங்கற்பம். 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆகவே தங்கள் ஒழுங்குமுறைக்கு அதுவும் உட்பட்டதே. அருகிலுள்ள சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் மூதாட்டிகளை மாத்திரம் தயவுசெய்து இரட்டை வேகத்தில் ஓடவிடாதீர்கள், அவர்கள் விரல் நோகும்.

ஆகவே, இரண்டிலொன்று செய்தருள வேண்டுகிறேன். ஆசிரியர் இல்லாமை இனி ஒரு சந்தர்ப்பமாகாதபடி செய்து, அந்த இடங்களை நிரப்பிய பின்னரே இணையவழிப் பாடத்துக்கு அனுமதி உண்டு என்று விதியுங்கள். அது அசாத்தியமாயின், தங்கள் குழுவில் உறுப்பினர் ஸ்தானம் எப்போதேனும் காலியாகும்போது, அங்கேயும் ஒரு காணொளியை வைத்துப் பருவத்துக்கு 40 சதவீதத் தீர்மானங்களை நிறைவேற்றிப் பாருங்கள். பன்னிரண்டு தீர்மானங்களில் சிறந்த எட்டைத் தேசம் ஏற்றுக்கொள்ளும்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த,
இன்னும் நேரில் கேள்வி கேட்கும் பழக்கம் விடாத
ஓர் உபாத்தியாயன்.