வரி பிடிக்காத டி.டி.எஸ்.

பவானியில் ஜமக்காளக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவருக்கு டி.டி.எஸ். என்றால் வருமான வரிப் பிடித்தம், வேறெதுவும் தோன்றாது. அதே எழுத்துகள் மருத்துவர் சீட்டில் மாத்திரைக்குப் பக்கத்தில் நின்றால், "ஏனுங்க, காச்சலுக்குமா புடிக்கறாங்க?" என்றுதான் கேட்பார். மருந்துக்கடைக்காரர் சிரிக்காமல் சொல்வார்: "மூணு வேளைங்க. காத்தால, மத்தியானம், ராத்திரி."

'டெர் டியே சூமெண்டும்' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. நாளுக்கு மூன்று முறை எடுத்துக்கொள்ள வேண்டியது. பி.டி. என்றால் 'பிஸ் டியே', இரண்டு வேளை. பவானி கூடுதுறையில் கண்ணுக்குத் தெரிவது காவிரியும் பவானியும்தான், அமுதநதி அடியில் ஓடுவதாக ஐதீகம். சீட்டில் இலத்தீனும் அப்படியே.

இந்த 'எண்டும்' என்ற வால் சுவாரசியமானது. அது ஒட்டினால் 'செய்தாக வேண்டும்' என்று பொருள். டெண்டர் விளம்பரத்துக்குப் பின்னாலேயே வருகிற கொரிஜெண்டம், திருத்த வேண்டியது. அடெண்டம், சேர்க்க வேண்டியது. அஜெண்டாவில் அந்த வால் பன்மையில்: செய்ய வேண்டியவை. (கூட்டத்தில் செய்தவை என்று யாரும் சொல்லவில்லை.) மெமோராண்டம் நினைவில் வைக்க வேண்டியது, வாலை நறுக்கி 'மெமோ' ஆக்கிவிட்டாலும், வாங்கிய அரசு ஊழியருக்கு அது மறப்பதே இல்லை. எண்டும், வேண்டும் என்று சந்தம் பொருந்துவதைப் பார்த்து, ரோமாபுரிக்குக் கொங்கு நாட்டிலிருந்துதான் பெண் எடுத்தார்கள் என்று கிளம்பிவிட வேண்டாம். தற்செயல்.

மருத்துவர் சீட்டில் எஸ்.ஓ.எஸ். பார்த்துப் பதறாதவர் குறைவு. கப்பல்களின் அபயக் குறியாக அதை 1906இல் பெர்லின் மாநாடு ஏற்றது. அதற்கு விரிவாக்கமே கிடையாது. சீட்டில் இருப்பதோ 'சி ஓபுஸ் சிட்', தேவைப்பட்டால் மட்டும். பாராசிட்டமாலுக்கு எதிரே அதைப் படித்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தேவையில்லை.

ஓ.டி.தான் பொல்லாதது. நம் ஊர்ச் சீட்டில் தினம் ஒரு வேளை. கண் மருத்துவத்தில் 'ஓகுலுஸ் டெக்ஸ்டெர்', வலது கண். குடிக்க வேண்டிய மருந்து கண்ணுக்குள் போய்விடும் அபாயத்தைச் சொல்லி, அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் நிறுவனம் இதைத் தவிர்க்கச் சொல்கிறது. பள்ளி ஆசிரியருக்கு ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. விசைத்தறி முதலாளிக்கு வங்கி ஓவர்டிராஃப்ட். இவற்றில் தூக்கத்தைக் கெடுப்பது அது ஒன்றுதான்.

இந்திய மருத்துவக் குழு 2016இல் விதியைத் திருத்தி, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுதச் சொன்னது. அது மருந்தின் பெயருக்கு, வேளைக்கு அல்ல. வேளைக்குப் பல மருத்துவர்கள் இப்போது இலத்தீனை விட்டு எண்ணுக்கு வந்துவிட்டார்கள்: 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. முகூர்த்த மாதத்தில் இதை நூற்றியொன்று என்று வாசித்து, "யாரு ஊட்டு மொய்யிங்க?" என்று கேட்கிற ஆள் இங்கே கிடைக்காமலா போவார்?