எண்ணெய் விட்ட மகராசன்

வாடே, வா. பஸ்ஸ விட்டு எறங்கினதும் ஆச்சியக்கூடப் பாக்காம நேரா தொழுவுக்கு வந்துட்டியேன்னு பூரிச்சுப் போனேன். பையத் தொறந்தா உள்ள ரெட்டைக் கண்ணு கேமரா. "தாத்தா, ஷட்டர் ஜாம் ஆயிட்டு"ங்க. சரிதான், சீக்கு வந்தாத்தான் வைத்தியன் ஞாபகம் வரும்.

உக்காரு. அந்த ஆட்டுக்குட்டியத் தள்ளி விடு, தோல் வார்னா அதுக்கு உசுரு.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். பட்டன் அமுங்கவே இல்லையா, அமுங்கியும் தெறக்கலையா? முழிக்காத. வயித்து வலின்னு வாறவன்கிட்ட "சாப்பிடலையா, சாப்பிட்டது செமிக்கலையா"ன்னு டாக்டர் கேக்க மாட்டாரா? அதே கேள்விதான்.

பாதி ஜாம் பெட்டிக்குள்ள இருக்காது, வச்சிருக்கவன் கையிலதான் இருக்கும். நான் ஸ்டூடியோவுல நிக்கும்போது ஒரு துபாய் மாப்ள நிக்கான் எஃப்எம்2 கேமராவக் கொண்டாந்து, "செத்துப் போச்சு"ன்னு மேசையில வச்சாரு. 1982ல வந்த சாதி அது. பேட்டரி இல்லாமலே நொடியில 4000ல ஒரு பங்கு வேகத்துக்கு ஓடும், அம்புட்டு லேசுல சாகாது. பாத்தா, ஃபிலிம் சுத்துத லீவர ஒடம்போட ஒட்ட அமுக்கி வச்சிருக்காரு. அப்படி வச்சா அது பூட்டு, பட்டன் அமுங்காது. ஒரு வெரக்கடை வெளிய இழுத்தாப் போதும். நான் அங்கனயே இழுக்கலடே. உள்ள கொண்டு போயி ஒரு டீ குடிச்சிட்டு, அரை மணி நேரங் கழிச்சுக் குடுத்தேன். ஒடனே குடுத்தா தொழிலுக்கு மரியாதை ஏது?

இன்னொருத்தன் 36 படமும் எடுத்துட்டு 37க்கு மல்லுக்கட்டுதான். ரோல் தீந்தா லீவர் பாதியில நிக்கத்தான் செய்யும். அடியில உள்ள பட்டன அமுக்கிட்டுத் திருப்பிச் சுத்தணும். இவன் முறுக்கின முறுக்குல ஃபிலிம் ஓரத்து ஓட்டையெல்லாம் கிழிஞ்சு, பொண்ணு மாப்ள எல்லாம் கந்தலாயிட்டு. ரஷ்யாக்காரன் சோர்க்கி 4 இருக்கே, அது தனி ரகம். ஃபிலிமச் சுத்தின பொறவுதான் வேகத்த மாத்தணும். முந்தி மாத்தினா உள்ள இருக்க சாமானத்தச் சேதப்படுத்திரும். மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி, எத எப்ப செய்யணும்னு ஒரு மொறை இருக்குல்லா?

ஒன் பெட்டி, 1929ல ஜெர்மனிக்காரன் ரோலிஃபிளெக்ஸ்னு ஆரம்பிச்சு வச்ச வம்சம். மேல் கண்ணு பாக்கதுக்கு, கீழ் கண்ணு பிடிக்கதுக்கு. ரோல் உள்ள இருக்கா? இல்லையா, நல்ல காலம். பின் கதவத் தொற. வேகத்த 'பி'யில வையி. கீழ் கண்ணுக்குள்ள இருக்க தொளையப் பெருசாக்கு. பெருசாக்கணும்னா நம்பரச் சின்னதாக்கணும், அதுவும் தெரியாதா? கைப்பிடியச் சுத்து. இப்ப பட்டன அமுக்கிக்கிட்டே பின்னால இருந்து வெளிச்சத்தப் பாரு.

'கிளிக்'னுச்சா? தெறக்கலையா? அப்ப பூட்டுல கொறை இல்ல, தகட்டுலதான்.

இங்க முன்னால வந்து உத்துப் பாரு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாப்ல அஞ்சு தகடு. அது மேல என்னடே, மழைக்குப் பொறவு ரோட்டுல டீசல் கெடந்த மாதிரி கலர் கலரா மினுக்குது? சொல்லு. நான் என்ன போலீஸா?

தையல் மெஷின் எண்ணெயா! ஒரே சொட்டா! ஏம்ப்பா ஒண்ணோட நிறுத்திட்ட? உள்ள ஆச்சி நல்லெண்ணெய் வச்சிருக்கா. கடுகு, கறிவேப்பிலையும் போட்டுத் தாளிச்சிருக்கலாம்லா. வாசனையாவது வந்திருக்கும்.

கேளு. அந்தத் தகடு வெங்காயச் சருகு கனம். அது காஞ்சுதான் ஓடணும். ஈரமான ரெண்டு கண்ணாடிய ஒட்டி வச்சுட்டுப் பிரிச்சுப் பாரு, வருதா? அதே சங்கதிதான். பழி முழுக்க ஒம்மேல இல்ல. நாப்பது கோடை பீரோவுக்குள்ள கெடந்தா, அவன் வச்ச கிரீஸே இளகித் தகட்டுக்கு எறங்கிரும். அது பாதி ஒட்டி வச்சிச்சு, மகராசன் நீ மீதிய ஒட்டி வச்ச.

சைக்கிள் ட்யூப் துண்டு ஒண்ணு எடு. கீழ் கண்ணோட முன் கண்ணாடியில அத அழுத்திப் பிடிச்சு, பைய இடப்பக்கமாத் திருகு. ஸ்குரூ டிரைவர எடுக்காத! வம்சம் ஜெர்மனின்னாலும் ஒன் பெட்டி ஜப்பான்ல செஞ்சது. ஜப்பான் ஸ்குரூவோட கூட்டல் குறி வேற, நம்மூரு டிரைவர் மொனை அதுல சரியா ஒக்காராது. வழுக்கி விட்டா குறி மழுங்கிப் போவும், பெறவு சாமி வந்தாலும் கழத்த முடியாது.

ஆங், தகடு தெரியுதா? காது குடையுத பஞ்சுக் குச்சியில லைட்டர் பெட்ரோல் தொட்டுக்க. ஊத்தாத, தொட்டுக்க. சொட்டுனா எண்ணெயக் கூட்டிக்கிட்டுப் பின்னால உள்ள தகட்டுக்கும் கண்ணாடிக்கும் போயிரும். எம் பீடிய அணைச்சிட்டேன் பாரு. ஒங்க ஆச்சி சொல்லிக்கூட நான் அணைச்சதில்ல. தொட, சுத்து, அமுக்கு. நகரலையா? பெட்ரோல் ஈரத்துலயும் ஒட்டத்தான் செய்யும். காயட்டும். திரும்பத் தொட. புதுக் குச்சி எடுடே, அழுக்கையே திரும்பப் பூசிட்டு இருக்க! ஊசிய வச்சு நெம்புன, ஆட்டுக்கு வச்சிருக்க கம்பு ஒனக்குத்தான்.

எட்டாவது குச்சியா? அந்தா, லேசாக் கண்ணு முழிக்குது!

இப்ப ஒரு நொடியில வையி. 'கிர்ர்ர்'னு கேக்கா? உள்ள கடியாரம் மாதிரிப் பல்சக்கரம் ஓடுது. அதுக்கு முந்தி காத்துக் குழாய வச்சு நேரம் அளந்தாங்க. 1912ல மூனிக்ல டெக்கெல் கம்பெனி காம்பூர்னு ஒரு ஷட்டர் கொண்டாந்து, காத்துக்குப் பதிலாச் சக்கரத்த வச்சான். ஒன்னுது பாதியில மூச்சுத் திணறுது, சக்கரத்துல பிசுக்கு. அது தெரிஞ்ச மெக்கானிக் கழட்டிப் பாக்க வேண்டியது, நீயும் நானும் கை வச்சா எள்ளுக்குள்ள விழுந்த ஊசிதான். 60க்கு மேல வச்சு எடு, அதெல்லாம் டக்டக்குன்னு விழுது. அந்த செல்ஃப் டைமர் குச்சியத் தொடாத. பழசுல அது பாதி வழியில நின்னா மொத்தப் பெட்டியும் கூட நின்னுரும்.

சரி, முன் கண்ணாடிய மாட்டு. ரோல் போட்டுட்டியா? தாத்தாவ ஒரு படம் எடு. துண்டச் சரி பண்ணிக்கிடுதேன்.

ஏல, எங்கல திருப்புத? மேலக் கண்ணாடியில வலம் இடமாத்தான் தெரியும். நீ இழுக்க இழுக்க நான் ஓடுதேன்லா. எதிர்ப்பக்கம் திருப்பு... இன்னும்... அங்கன இல்ல...

அமுக்கிட்டியா? போ, ஆச்சிட்டச் சொல்லு. மொதப் படமே குட்டியாடுதான்னு.